சவுதார் குளத்துத் தண்ணீர்

கதை எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகத்தில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். வேலை இருக்கிறது. ஒரு சட்டம் நிறைவேறிய நாளுக்கும் அது நடப்புக்கு வந்த நாளுக்கும் நடுவே எத்தனை வருஷம் போயிற்று என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. மனிதர்கள் அந்த இடைவெளியில்தான் அகப்படுகிறார்கள்.

கொங்கணத்தில், அன்றைய கொலாபா ஜில்லாவில், மகாட் என்று ஓர் ஊர். அங்கே சவுதார் குளம். மேல்சாதி இந்துக்கள் அதில் தண்ணீர் எடுத்தார்கள், முஸ்லிம்களும் எடுத்தார்கள். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் எடுக்கக்கூடாது. 1923 ஆகஸ்டில் எஸ். கே. போலே என்பவர் பம்பாய் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கிற கிணறு, குளம், சத்திரம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு என்றது அது. நிறைவேறியது. 1924 ஜனவரியில் மகாட் முனிசிபாலிடியும் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது.

அவ்வளவுதான். மூன்று வருஷம் போயிற்று. அவர்கள் வீட்டுக் குடம் ஒன்றும் அந்தப் படியில் இறங்கவில்லை. தடை உத்தரவு எதுவும் கிடையாது. ஆனால் நாளைக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் யார், தானியம் அளக்க வேண்டியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு வேலி வேண்டுமா?

1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே மாநாடு கூடியது. தலைமை வகித்த அம்பேத்கருக்கு அப்போது வயது 35. மாநாட்டுக்கு வந்தவர்களின் தாகத்துக்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்களாம். பக்கத்திலே குளம், தீர்மானப்படி அவர்களுக்கும் சொந்தம்! அந்த 40 ரூபாய்க் கணக்கைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஊர்வலமாகப் போய் அம்பேத்கர் படியிறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். கூட வந்தவர்களும் குடித்தார்கள். சற்று நேரத்தில், வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் தடிகொண்டு அடித்தார்கள். பிறகு 108 பானைகளில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆகஸ்டில் முனிசிபாலிடி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. யாரும் குடிக்காத வரையில் அந்தத் தீர்மானம் யார் கண்ணையும் உறுத்தவில்லை, பாருங்கள்.

டிசம்பரில் மறுபடியும் திரண்டார்கள். 25-ஆம் தேதி இரவு மனுஸ்மிருதியை எரித்தார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்த சஹஸ்ரபுத்தே ஒரு பிராமணர். அது எல்லோரும் அறிந்த கதை. நான் நாவல் எழுதுவதானால் அதற்கடுத்த காட்சியைத்தான் எழுதுவேன். குளத்தில் இறங்கக்கூடாது என்று எதிர்த்தரப்பார் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார்கள். ஜில்லா கலெக்டரே பந்தலுக்கு வந்து பேசினார். ஆயிரக்கணக்கானவர்கள் சிறை போகத் தயாராக நிற்கிறார்கள், தலைவரோ பாரிஸ்டர். சட்டத்தை நம்பி வந்தவர் சட்டத்தை மீறுவதா? கடைசியில் அந்தக் கூட்டத்தை அடக்கினார். எல்லோரும் குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை. அன்று அவர் மனம் என்ன பாடுபட்டதோ! முதல் தடவை குடித்ததைவிட இது கடினமான காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வழக்கு பம்பாய் ஹைகோர்ட் வரை போயிற்று. தீர்ப்புச் சொன்னவர் புரூம்ஃபீல்டு. 1922-இல் அகமதாபாத்தில் காந்திஜிக்கு ஆறு வருஷம் விதித்த அதே நீதிபதி. மனிதனுக்கு மனிதன் தண்ணீர் மறுக்கலாமா என்பது அங்கே கேள்வியாக இல்லை. அந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதே கேள்வி. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வருவதாக அது நிரூபிக்கப்படவில்லை என்று அப்பீலைத் தள்ளினார்கள். தேதி 1937 மார்ச் 17. அந்த ஒரு கை நீரைக் குடித்து, பத்து வருஷம் ஆக மூன்று நாள் பாக்கி.