மணிக்கு ஒரு வீடு

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் ஒரு சிறிய காப்பகத்திலிருந்து மணியை விழுப்புரத்துக்குக் கூட்டி வந்து நாலு மாதம் ஆகிறது. பெயர் நான் வைத்ததில்லை. தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு மணி உண்டு. இவன் கூட்டேரிப்பட்டு மணி. நெடுஞ்சாலையில் அடிபட்டு, ஒரு பின்னங்காலை எடுத்த பிறகு காப்பகத்துக்கு வந்தவன். ஏழு வருடம் அங்கேயே கிடந்தான்.

"வர்றவங்க எல்லாம் குட்டி இருக்கான்னுதான் சார் கேப்பாங்க. இல்லன்னா லேப்ரடார் இருக்கான்னு," என்றார் அங்கே சோறு வைக்கும் அக்கா. "இவன் மொதல்ல கேட்டுக்கிட்ட ஓடியாருவான். அப்புறம் அதையும் வுட்டுட்டான்."

அப்பாவிடம் போனில் சொன்னேன். "கெழட்டு நாயி, அதுவும் மூணு காலு. இன்னாத்துக்குடா?" என்றார். பதில் தெரியவில்லை. மென்பொருளில் ஒரு பிழை வந்தால் அது எந்த மாற்றத்தில் உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்த் தேடுவது என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் தேடினேன்.

1860 இரண்டு இடத்தில் வருகிறது. லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கு ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். பிற்பாடு பேட்டர்சீக்கு இடம் மாறி அந்தப் பெயராலேயே அறியப்படுவது அதுதான். மதராஸில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியதும் அதே 1860-ல் என்று ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். லண்டன்காரர்களை ரொம்பப் புகழவும் வேண்டாம்; ஆள் தேடி வராத நாய்களை அங்கேயும் கொன்றார்கள்.

ஆனால் 'தொலைந்துபோன' என்ற சொல்லைக் கவனியுங்கள். தொலைய வேண்டுமென்றால் முதலில் ஒரு வீடு இருந்திருக்க வேண்டும். நம் ஊர் நாய் தொலையவில்லை. அது தெருவில்தான் இருக்கிறது, தெருவுக்குச் சொந்தமாக. 1832-ல் பம்பாயில் ஆங்கிலேயர் நாய்களைக் கொல்லப்போய் பார்சிகள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஜாம்செட்ஜி ஜீஜீபாய் முதலானவர்கள் அங்கே பாஞ்ச்ராப்போல் அமைத்தார்கள். சாகும்வரை வைத்துச் சோறு போடும் இடம் அது. இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பும் யோசனையே அதில் கிடையாது.

மதராஸில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1970-களின் தொடக்கத்தில், நாய்த்தோலில் டை, மணிபர்ஸ் செய்து பார்க்கும் அளவுக்குச் சென்னையின் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தோல் கிடைத்தது என்கிறார் சின்னி கிருஷ்ணா. 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ், 1964-லேயே கருத்தடைதான் வழி என்றது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. 2001-ல் மத்திய அரசு விதியே போட்டது: கருத்தடை செய், வெறிநாய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு.

நல்ல விதி. அப்பா சின்ன வயதில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். தடுப்பூசியின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் பிடித்த இடத்தில் திரும்ப விட முடியாத நாய்? மூன்று காலோடு அந்த நெடுஞ்சாலையில் மணியை எப்படி விடுவது? அவன் காப்பகத்தில் மீந்துபோனவன். 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னபோது எனக்கு இவன் ஞாபகம்தான் வந்தது. 22-ஆம் தேதியே அதை மாற்றினார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் எத்தனை மணிகள் மீந்திருப்பார்கள்?

அந்த மாதமே போய்க் கூட்டிவந்தேன். விக்கிரவாண்டி டோல் வரை நடுங்கிக்கொண்டே வந்தான். வீட்டில் முதல் மூன்று வாரம், அப்பாவின் டிவிஎஸ்ஸுக்கும் சுவருக்கும் இடையில் மட்டுமே படுத்தான். அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அவன் கூண்டின் அகலம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வண்டியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக சுவரிலிருந்து தள்ளி நிறுத்த ஆரம்பித்தார். இப்போது அது வெளியே மழையில் நிற்கிறது.

போன வாரம் மீட்டர் பார்க்க வந்தவரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணு காலுதானேன்னு நெனச்சிடாத தம்பி. கடிப்பான்."