பேராசிரியரைத் திருத்தும் மாணவர்கள்

எங்கட கெம்பஸில் ஒரு மாணவி விரிவுரையாளரின் கட்டுரையை வாசித்துவிட்டு, "சேர், இந்த மேற்கோள் பிழை" எண்டு திருப்பி அனுப்புவதை நினைச்சுப் பாருங்கோ. எங்களுக்குக் கை நடுங்கும். அமெரிக்கச் சட்டபீடங்களில் இது நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம்.

1887இல் மாணவர்கள் தொடங்கிய 'ஹார்வர்ட் லோ ரிவியூ' இதற்குப் பெரிய முன்மாதிரி. மற்றத் துறைகளில் ஒரு கட்டுரையை அந்தத் துறை அறிஞர்களே மதிப்பிடுவார்கள். இங்கேயோ எதைப் பிரசுரிப்பது என்று தீர்மானிப்பதே மாணவர்கள்தான்.

சர்வதேசச் சட்டத்துக்கு இந்த வழக்கம் பனிப்போர்க் காலத்தில் பரவியது. புதிய நாடுகள் ஒவ்வொன்றாக ஐ.நா.வில் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1959இல் ஹார்வர்டின் சர்வதேசச் சட்டக் கழகம் ஒரு சிறிய மடலை வெளியிட்டது. அதுதான் பிறகு 'ஹார்வர்ட் இன்டர்நெஷனல் லோ ஜேர்னல்' ஆனது. அடுத்த வருடமே வேர்ஜினியா மாணவர்களும் தங்கட சஞ்சிகையைத் தொடங்கினார்கள்.

பெயர் பெரிசு, ஆனால் வேலை பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் மூல நூலைத் தேடி எடுக்க வேணும். பக்க எண் சரியா, எழுதியவர் சொன்னதைத்தான் மூலமும் சொல்லுதா எண்டு பார்க்க வேணும். மேற்கோள் காட்டும் முறைக்கென்றே நாலு சட்ட இதழ்கள் சேர்ந்து 'புளூபுக்' என்ற கைநூலை வைத்திருக்கின்றன. அதன் முதற்பதிப்பு 1926இல் வந்தது.

விமர்சனமும் உண்டு. 1936இல் யேல் பேராசிரியர் பிரெட் றொடெல், சட்ட இதழ்களின் சலிப்பூட்டும் நடையையும் அடிக்குறிப்பு மோகத்தையும் போட்டுத் தாக்கினார். அதைப் பிரசுரித்தது எது தெரியுமோ? மாணவர்கள் நடத்தும் 'வேர்ஜினியா லோ ரிவியூ'!

எனக்கு உறுத்துவது வேறொன்று. மூலத்தைச் சரிபார்க்க அதை வாசிக்கத் தெரிய வேணும். தமிழில் இருக்கும் ஒரு சாட்சியத்தையோ ஆவணத்தையோ பொஸ்டனில் இருக்கும் மாணவர் எப்படிச் சரிபார்ப்பார்? ஆங்கிலத்தில் கிடைக்கும் ஆதாரம் சுலபமாக உள்ளே போகும். மற்றது வாசலில் நிற்கும். யாரும் கெட்டவரில்லை, ஆனால் உலகத்துக்கான சட்டம் பற்றிய பேச்சு இப்படித்தான் ஒரு பக்கம் சாய்கிறது.

அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நாங்கள். எங்களுக்கு அந்த மொழி தெரியும். இல்லாதது "சேர், இது பிழை" எண்டு சொல்லும் பழக்கம் மட்டும்தான். அதை முதலில் எங்கட அசைன்மென்ட் அடிக்குறிப்புகளிலேயே தொடங்கலாம்.