யானைமணியும் கித்தாரும்

கவிதை ஏட்டில் வாழ்வதா, நாவில் வாழ்வதா என்னும் வினா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதன்று. பாண்டியன் வல்லபதேவன் அவையில் பொற்கிழி வென்ற பெரியாழ்வார், மதுரை வீதியில் யானைமீது வலம் வருகையில் அவ்யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். வரலாற்றாசிரியர் இதனை அவ்வாறே ஏற்கத் தயங்கலாம். ஆயினும், கூட்டத்தின் நடுவே கைக்கு எட்டிய கருவியோடு அக்கணமே ஒலிப்பதே பாட்டு என்று அம்மரபு எண்ணியிருந்தமை இக்கதையால் விளங்கும்.

அவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே அரையர் சேவை. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, அரையர் பாசுரத்தை இசைக்கிறார். பின் அதனையே அபிநயிக்கிறார். பின் தம்பிரான்படி என வழங்கும் உரையைச் சொல்கிறார். பாட்டு, கூத்து, உரை மூன்றும் ஒருவரிடமே அமைகின்றன. முத்துக்குறி நிகழ்வில் ஏங்கும் மகளும் கலங்கும் தாயும் குறி சொல்லும் கட்டுவிச்சியும் அவர் ஒருவரே. நாதமுனிகள் தம் மருமக்கள் இருவரைக் கொண்டு தேவகானத்தில் அமைத்ததாகக் கூறப்பெறும் பண்டைய இசையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் சில குடும்பத்தாரே இக்கலையைக் காத்து வருகின்றனர். காத்தவர்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் தன் உடலையும் வேட்கையையும் ஒளிக்காது பேசியவள் ஒரு பெண். அவள் ஊரிலேயே அக்குரலைச் சேவையில் ஏற்று ஒலிக்கும் உரிமை மரபுவழி ஆடவர்க்கு உரியதாயிற்று.

அண்டை ஊராகிய இராஜபாளையத்தில் இதே கோதை வேறொரு வழியே வந்து சேர்ந்தாள். கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் யாத்த ‘ஆமுக்தமால்யதா’ அவள் கதையைக் கூறும் காவியம். அதனைத் தமிழாக்கிய இராஜபாளையத்து அறிஞர் மு.கு. ஜகந்நாதராஜா, 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார். பாடியவள் பாட்டுடைத் தலைவியாகி, ஏடாகி, அச்சாகித் திரும்பினாள். அச்சு தந்த பேறு பெரிது. அது கவிதையை மெல்ல வாய்மூடச் செய்ததும் உண்மை. சி.சு. செல்லப்பா 1962இல் ‘எழுத்து’க் கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்று பெயரிட்டார். அவற்றுள் பல குரலெடுத்துப் படிக்க எழுதப்பட்டவை அல்ல என்பது சுவையான முரண்.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. 1971 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் புனித மார்க் தேவாலயத்தில் பாட்டி ஸ்மித் என்னும் இளங்கவிஞர், லென்னி கேயின் மின்கித்தார் ஒலிக்கத் தம் கவிதைகளைப் படித்தார். சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் பங்க் இசை வெடித்தது. மூன்று சுருதி தெரிந்தால் மேடை ஏறலாம் என்ற அதன் துணிவு கவிஞரையும் தொற்றியது. சால்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் கூப்பர் கிளார்க், பாட்டுக் குழுக்களைக் கேட்க வந்து ஆரவாரித்த கூட்டத்தின் முன் கருவி ஏதுமின்றி விரைநடையில் கவிதை சொன்னார். ஜமைக்காவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த லிண்டன் க்வெசி ஜான்சன், கரிபியப் பேச்சுமொழியை ரெகே தாளத்தில் ஏற்றி 1978இல் இசைத்தட்டாக்கினார். கொச்சை என்று ஒதுக்கப்பட்ட அம்மொழிக் கவிதைகளை 2002இல் பெங்குவின் நிறுவனம் தன் நவீனச் செவ்வியல் வரிசையில் வெளியிட்டது. கிளாஸ்டன்பரி இசைவிழாவில் கவிதைக்கெனத் தனி மேடையே அமைந்தது.

நம்மவர் இவற்றை இறக்குமதிச் சரக்கு எனப் புறந்தள்ளுதல் எளிது. ஆனால் கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையின் தழல் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலில் எரிந்தது, கே.ஏ. குணசேகரனின் குரலில் அது ஊர் ஊராய்ச் சென்றது. அதனை நூலில் படித்தோரினும் செவியில் ஏற்றோரே மிகுதி. கவியரங்கில் வரியை இருமுறை சொல்லிக் கைதட்டலுக்குக் காத்திருக்கும் வழக்கத்திற்கும் இதற்கும் தொலைவு அதிகம். ஆங்கே கவிஞர் அவையைப் பார்க்கிறார், ஈங்கே அவையே பாடத் தொடங்குகிறது.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முறை மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தே பெயருக்கு வித்து. பறையும் கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் கலந்தன. அறிவு போன்ற இளைஞர் எதுகையையும் மோனையையும் தாளத்தின் மேல் அடுக்கிச் சொன்னபோது, யாப்பிலக்கணம் கல்லாத கூட்டம் அத்தொடையின்பத்தைத் துய்த்தது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியது. மார்கழியைத் தமிழ்ப்பாட்டின் மாதமாக்கியவள் ஆண்டாள் என்பதை நினைத்தால் பெயர்ப்பொருத்தம் நன்கு புலனாகும்.

அக்குழுவில் பாடியவருள் ஒருவர் இசைவாணி. ஆடவர் கலையாகவே கருதப்பட்டு வந்த கானாவைத் தம் குரலில் மேடையேற்றிய அவரை, 2020ஆம் ஆண்டின் நூறு பெண்களுள் ஒருவராக பி.பி.சி. நிறுவனம் தேர்ந்தது.