கடனும் கட்டளையும்: உபாகமத்தின் ஒரு முரண்பாடு பற்றிய சமூக வரலாற்று நோக்கு

விவிலியத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத கூற்றுக்கள் உள என்பது புதிய செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துச் சமயக் கண்டனங்களிலும் இது இடம்பெற்றது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் பங்குகொண்ட ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகார’த்தில், மிஷனரிமார் பழித்த கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டினார். கண்டனகாரருக்கு முரண்பாடு ஒரு படைக்கலம். இறையியலாளருக்கோ அவிழ்த்தாக வேண்டிய முடிச்சு. இவ்விரு சாராரும் நூலை ஒரே குரலின் கூற்றாகவே கொண்டனர். நாமோ, அம்முரண்பாடு எத்தகைய சமூக நிலைமையிலிருந்து தோன்றியது என வினவுகின்றோம்.

இதற்கு உபாகமத்தின் 15ஆம் அதிகாரம் தக்க சான்றாகும். ஏழாண்டுக்கொருமுறை கடன்கள் விடப்படல் வேண்டும் என்பது அதன் விதி. 4ஆம் வசனம் இஸ்ரவேலரிடையே வறியவர் இருக்கமாட்டார் என்கிறது. 11ஆம் வசனமோ, வறியவர் நாட்டில் ஒருபோதும் இல்லாதொழியார், ஆதலின் அவர்க்குக் கையைத் திறந்து கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டிற்கும் இடையே ஆறு வசனங்களே உள்ளன. முதற்கூற்று கீழ்ப்படிதல் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது என உரைகாரர் அமைதி கூறுவர். 5ஆம் வசனம் அந்நிபந்தனையைக் கூறுவது உண்மையே. ஆயின் 11ஆம் வசனத்தில் அஃதில்லை; அங்கு வறுமை மாறாத இயல்பாகக் கொள்ளப்பட்டு, அதுவே ஈகைக்குக் காரணமாகவும் காட்டப்படுகிறது.

கி. மு. 622 அளவில், யோசியா மன்னனின் 18ஆம் ஆட்சியாண்டில், எருசலேம் ஆலயத்திற் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நியாயப்பிரமாண நூலை உபாகமத்தோடு தொடர்புபடுத்தி 1805இல் டி வெற்றே ஆராய்ந்தார். இந்நூலின் மூலப்பகுதி கி. மு. ஏழாம் நூற்றாண்டினது என்பது அதன்பின் ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடாயிற்று. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே, அற்பக் கடனுக்காக ஏழையர் விற்கப்படுவதை ஆமோஸ் கண்டித்திருந்தான். நிலத்தோடு நிலம் சேர்ப்போரை ஏசாயா சபித்திருந்தான். மழை பொய்த்தால் விதைத் தானியத்துக்குக் கடன். கடனுக்கு ஈடாக நிலம். நிலமும் போனபின் மக்கள். ஈற்றில் குடியானவன் தானே அடிமை. குலவழிக் காணியுரிமை சிதைந்து செல்வர்கைப்பட்ட உடைமை வளர்ந்த சூழலில் எழுந்த சட்டம் இது.

கடன் நீக்கம் இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதன்று. கி. மு. பதினேழாம் நூற்றாண்டிலேயே பாபிலோனிய மன்னன் அம்மிசதுகா கடன்களை நீக்கி ஆணை பிறப்பித்தான். ஆயின் அங்கு அது மன்னனின் அருட்செயல். உபாகமத்தில் அது மன்னனின் விருப்பை எதிர்பாராது ஏழாண்டுக்கொருமுறை வரும் விதி.

இன்னொரு முரண்பாட்டையும் இவ்விடத்தில் நோக்கலாம். எபிரேய அடிமை ஏழாம் ஆண்டில் விடுதலை பெறுவான் என யாத்திராகமம் (21) கூறும். ஆயின் விற்கப்பட்ட மகளுக்கு அவ்வாறு விடுதலையில்லை. உபாகமம் பெண்ணுக்கும் விடுதலை அளிப்பதோடு, வெறுங்கையாய் அனுப்பலாகாது என்றும் விதிக்கும். லேவியராகமமோ (25) விடுதலையை ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலிக்குத் தள்ளிவைக்கும். பிறவினத்தாரை நிரந்தர அடிமைகளாக வைத்திருக்கவும் இசையும். மூன்றும் இறைவனின் கட்டளைகளென்றே தம்மைக் கூறிக்கொண்ட போதிலும், அவை வெவ்வேறு காலத்துச் சமூக உடன்பாடுகளின் பதிவுகள் எனக் கொள்வதே பொருந்தும்.

நடைமுறையில் நிகழ்ந்தது யாது? பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டபோது, சிதேக்கியாவின் உடன்படிக்கைப்படி விடுதலையான அடிமைகளை உடைமையாளர் மீண்டும் பிடித்துக்கொண்டமையை எரேமியா (34) பதிவு செய்கிறது. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில், பாரசீக மன்னனுக்கு வரி செலுத்தக் கடன்பட்டு நிலத்தையும் பிள்ளைகளையும் இழந்தோர் நெகேமியாவிடம் (5) முறையிட்டனர். ஏழாம் ஆண்டு நெருங்குகையிற் கடன் கொடுக்க மறுப்போரை உபாகமமே (15:9) எச்சரித்திருந்தது. அவ்வச்சம் மெய்யாயிற்று. கி. மு. முதலாம் நூற்றாண்டில், கடன் கிடைக்காது மக்கள் இடர்ப்படுவதைக் கண்ட இல்லேல், கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து விடுதலை ஆண்டைக் கடக்கும் ‘புரோஸ்புல்’ முறையை ஏற்படுத்தினார் என மிஷ்னா கூறும். வறியவனைக் காக்க எழுந்த சட்டத்தை வறியவனின் பெயராலேயே விலக்க வேண்டியதாயிற்று. கி. பி. 66இல் உரோமருக்கெதிரான எழுச்சியின் தொடக்கத்தில், எருசலேமின் கடன் பத்திரங்கள் காக்கப்பட்ட களஞ்சியத்தைக் கிளர்ச்சியாளர் எரியூட்டினர் என்கிறார் யொசேபசு. கடனாளிகளைத் தம்பால் ஈர்ப்பது அவர்தம் நோக்கங்களுள் ஒன்று. நூலிற் கிடந்த விடுதலை ஆண்டு தெருவில் நெருப்பாயிற்று.

எனவே 4ஆம் வசனமும் 11ஆம் வசனமும் எழுத்தாளரின் கவனக்குறைவால் அருகருகே அமைந்தவையல்ல. ஒன்று உழுகுடியின் வேட்கை. மற்றது உடைமையைத் தொடாத அறத்தின் எல்லை. வறியவர் எப்பொழுதும் உங்களிடத்தில் உளர் என்னும் கருத்து மாற்குவின் சுவிசேஷத்தில் (14:7) இயேசுவின் வாக்காக மீண்டும் வருகிறது. பிற்காலத்தில் அது கையைத் திறக்கும் கட்டளையினின்று பிரிக்கப்பட்டு, ஏற்றத்தாழ்வுக்கு அரணாக்கப்பட்டது. 4ஆம் வசனத்தை மேற்கோள் காட்டியோர் மிகச் சிலரே.

மதநூல்கள் யாவும் ஆளும் வர்க்கத்தின் கருவிகள் மாத்திரமே என அமைந்துவிடுவோரும் இவ்விடத்திற் சிந்தித்தல் வேண்டும். வெறுங்கருவியாயின், ஆள்வோர்க்கு உறுத்தலான 4ஆம் வசனம் ஏன் அழிக்கப்படாது எஞ்சியது? நூலைப் பேணியோரால் அவ்வேட்கையை முற்றாக மறுக்கவும் இயலவில்லை. முற்றாக நிறைவேற்றவும் இயலவில்லை. இவ்விரு இயலாமைகளின் தடமே அம்முரண்பாடு. அதனைச் சமன்செய்துவிட முனையும் உரையும், எள்ளிநகையாடி அகலும் கண்டனமும், தீராது நின்ற ஒரு வழக்கின் சாட்சியத்தை நம் கண்ணினின்று மறைத்துவிடுகின்றன.