சீனர் கண்ட சுர மூலிகை

சீன மருந்துக் கடைக்குள் சென்றோர் யாவரும் அங்குச் சுவரை மறைத்து நிற்கும் சிறு சிறு இழுப்பறைகளைக் கண்டிருப்பர். மருத்துவர் நாடி பார்த்துத் தாளில் எழுதிக் கொடுக்க, கடைக்காரர் ஒவ்வோர் அறையாக இழுத்து, வேரும் பட்டையும் இலையுமாக எடுத்து, சிறு கைத்தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். வீட்டில் அதை மண்சட்டியிலிட்டு, மூன்று கிண்ணம் நீர் ஒரு கிண்ணமாக வற்றும் வரை காய்ச்சிக் குடிப்பது வழக்கம். தமிழ் மருத்துவத்தில் குடிநீர் இறக்குவதும் ஏறத்தாழ இவ்வாறே ஆதலின் தமிழர்க்கு இது புதுமையன்று. ஊசி குத்துதல், மூலிகையால் சூடு காட்டுதல், மருந்து உட்கொள்ளுதல் ஆகியவை சீன மருத்துவத்தின் தலையாய முறைகள். உட்கொள்ளும் மருந்துகளிலோ காய்ச்சிய குடிநீருக்கே முதலிடம். அந்தக் காய்ச்சும் பழக்கமே ஓர் அரிய மருந்தை ஆயிரத்து அறுநூறு ஆண்டுக் காலம் மறைத்து வைத்திருந்தது எனலாம்.

அம்மருந்துக்குரிய செடி சிங்ஹாவ். 'சிங்' என்பது பசுமையைக் குறிக்கும். 'ஹாவ்' என்பது மணமுள்ள ஒரு செடியினத்தின் பொதுப்பெயர். தமிழ்ப் பெண்டிர் தலையில் சூடும் மரிக்கொழுந்தும், சித்த மருத்துவர் கையாளும் மாசிபத்திரியும் இதே இனத்தவை. சீன மருத்துவர் உடலிற் சூடு காட்டப் பயன்படுத்தும் பஞ்சு போன்ற பொருளும் இவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் உலர்ந்த இலையே.

சிங்ஹாவைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, மத்திய சீனத்தில் மாவாங்துய் என்னுமிடத்துக் கல்லறையொன்றில் 1973இல் கிடைத்த பட்டுச் சுவடியில் உள்ளது. அக்கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. ஆயின் அச்சுவடி அதனை மூலநோய்க்கு மருந்தாகக் கூறுகிறதேயன்றிச் சுரத்துக்கு அன்று. அடுத்து வந்த மூலிகை நூலும் சொறி, சிரங்கு, பேன் ஆகியவற்றையே பேசுகிறது.

சுரத்துக்கு இதனைச் சொன்னவர் கே ஹொங் என்பவர். கி.பி. 283 முதல் 343 வரை வாழ்ந்தவர் என்பர். சாவாமையைத் தரும் மருந்தைத் தேடி இரசவாதம் செய்த தாவோ நெறியாளர். இறுதியில் தென்சீனத்து லோஃபூ மலையில் தங்கினார். காய்ச்சல் மிகுந்த தெற்கு நிலம் அது. பெரிய மருத்துவரை அழைக்க வகையற்ற எளிய மக்களுக்கென ஒரு கைந்நூல் எழுதினார். 'முழங்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் அவசர மருந்து முறைகள்' என்பது அதன் பெயரின் பொருள். அகன்ற சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு போகத்தக்க நூல் என்பது கருத்து. பெயரே ஆசிரியர் உள்ளத்தைக் காட்டி விடுகிறது.

அந்நூலில் குளிரும் நடுக்கமுமாக விட்டுவிட்டு வரும் முறைச்சுரத்துக்கெனத் தனிப் பகுதி உண்டு. அதில் சிங்ஹாவைப் பற்றி வருவது மிகச் சிறிய செய்திதான். ஒரு கைப்பிடி அளவு எடுத்து, இரண்டு ஷெங் நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, சாறு முழுவதையும் குடித்துவிட வேண்டும் என்கிறார். இரண்டு ஷெங் என்பது அக்காலத்து அளவில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கு வினைச்சொற்களை நோக்குக: ஊறவை, பிழி, குடி. காய்ச்சு என்னும் சொல் இல்லை. சித்த மருத்துவ நூல்கள் உட்கொள்ளும் மருந்துகளை முப்பத்திரண்டாக வகுக்கையில் சாறு வேறு, குடிநீர் வேறு என்று தனித்தனியே வைத்திருப்பதை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

இதனால் கே ஹொங் எல்லாம் அறிந்தவர் என்று முடிவு கட்டிவிட வேண்டா. அதே பகுதியில், உயிருள்ள சிலந்தியை நாணற் குழலில் அடைத்துக் கழுத்திற் கட்டிக்கொண்டு, சுரம் வரும் வேளை கடந்தபின் அவிழ்க்கும்படியும் ஒரு முறை உள்ளது! சாங்ஷான் என்னும் செடியின் வேரும் அங்கே கூறப்படுகிறது. அவ்வேர் சுரத்தைத் தணிப்பது மெய்யே எனப் பிற்கால ஆராய்ச்சி கண்டது. ஆனால் கடும் வாந்தியையும் உண்டாக்கும். பொன்னும் பதரும் ஒரே முறத்திற் கிடந்தன. நூலை மட்டும் படித்து இவற்றைப் பிரித்தறிய எவராலும் இயன்றிராது.

பின்வந்தோர் சிங்ஹாவை மறந்துவிடவில்லை. 1578இல் தம் பெருநூலை எழுதி முடித்த லீ ஷீசென் அதில் 1,892 மருந்துப் பொருள்களை ஆராய்ந்தார். நூல் அச்சாகி வெளிவந்ததோ அவர் மறைந்தபின் 1596இல். கே ஹொங்கின் முறையை அவரும் எடுத்துக் காட்டினார். 1798இல் வூ சூதோங் என்னும் மருத்துவர் ஆமையோட்டுடன் சிங்ஹாவைச் சேர்த்து ஒரு சுர மருந்து வகுத்தார்; அது காய்ச்சிய குடிநீரே. பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது. லீ ஷீசென் சிங்ஹாவ் என்றும் மஞ்சட்பூ ஹாவ் என்றும் இரண்டு செடிகளைத் தனித்தனியே எழுதினார். இக்கால ஆராய்ச்சியில் முறைச்சுரத்துக்கான பொருள் உள்ளதாகத் தெரிந்தது மஞ்சட்பூ ஹாவ் என்று தாவர நூலார் அழைக்கும் செடியிலேதான். கடைக்காரர் எதைச் சிங்ஹாவ் என்று நிறுத்தாரோ, நோயாளியின் ஊழ் அதைப் பொறுத்தது.

முறைச்சுரம், அதாவது மலேரியா, மலாயாத் தமிழர்க்குப் புத்தகத்திற் படித்த நோயன்று. காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் தோட்டத்து லயங்களில் அது வாரிக்கொண்டு போன உயிர்கள் மிகப் பல. கொசுவே அதனைச் சுமந்து வருவது என 1897இல் இந்தியாவில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து நோயைக் குறைத்தார். மருந்தென்று கையிலிருந்தது கசப்பான கொயினா. உலகுக்கு வேண்டிய கொயினாவில் பெரும்பகுதியைத் தந்தது ஜாவாத் தீவு. அது 1942இல் ஜப்பானியர் கைப்பட்டபோது நேச நாடுகள் தவித்தன. போருக்குப்பின் குளோரோகுவின் வந்தது. நோய் ஒழிந்தது என்று பலர் எண்ணியிருக்கையில், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாய்லாந்து-கம்போடிய எல்லையிலும் தென்னமெரிக்காவிலும் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின.

வியட்நாம் போரில் குண்டுக்குத் தப்பிய வீரரும் மலேரியாவுக்குத் தப்பவில்லை. வட வியட்நாம் சீனத்தின் உதவியை நாடியது. 1967ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் 23ஆம் நாள் பீக்கிங்கில் கூடிய கூட்டத்தில் ஒரு மறைமுகத் திட்டம் வகுக்கப்பட்டது; அந்நாளைக் கொண்டே அதற்கு '523' என்று பெயரிட்டனர். 1969இல் அதில் சேர்ந்தவர் தூ யூயூ அம்மையார். 1930இல் நிங்போ நகரிற் பிறந்து, மேனாட்டு மருந்தியலைக் கற்றுப் பின்னர்ச் சீன மருத்துவத்தையும் பயின்றவர். பழைய ஏடுகளிலிருந்தும் முதிய மருத்துவர்களிடமிருந்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டி, அவற்றுள் 640ஐத் தெரிந்தெடுத்தார். ஏறத்தாழ 200 மூலிகைகளினின்று 380க்கு மேற்பட்ட சத்துகளை இறக்கி எலிகளில் சோதித்தனர். சிங்ஹாவ் ஒருமுறை 68 விழுக்காடு கிருமிகளை அடக்கிற்று. மறுமுறை செய்தபோது 12 முதல் 40 வரையே தேறியது. கைவிடத்தக்க செடி என்றே தோன்றியது.

தூ அம்மையார் மீண்டும் ஏடுகளைப் புரட்டினார். கே ஹொங் ஏன் காய்ச்சச் சொல்லவில்லை என்னும் ஐயம் அப்போதுதான் எழுந்தது. வெப்பம் மருந்தை அழிக்கிறது போலும் என்று கருதி, 35 பாகை வெப்பத்திலேயே ஆவியாகும் ஈதரைக் கொண்டு சத்தை இறக்கினார். இலையே வேண்டும், தண்டு பயனற்றது என்பதும் தெளிந்தது. 1971 அக்டோபர் 4ஆம் நாள் சோதித்த சத்து எலிகளிடத்தும் பின்னர்க் குரங்குகளிடத்தும் கிருமிகளை முற்றாக ஒழித்தது. 1972இல் அவரும் உடன் பணிபுரிந்தோரும் முதலில் தாமே அதனை உட்கொண்டு தீங்கின்மையை உறுதி செய்துகொண்டு, ஹைனான் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்தனர். காய்ச்சல் இறங்கியது. அவ்வாண்டின் இறுதியில் தூய படிகம் கிடைத்தது, அதுவே ஆர்ட்டெமிசினின். அதன் மூலக்கூற்றில் பிராணவாயு அணுக்கள் இரண்டு ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பாலம்போல் நிற்கின்றன. கிருமியைக் கொல்வது அப்பிணைப்பே.

யூயூ என்னும் பெயர், சீனரின் பழம்பெரும் பாடற்றொகையில் மான் கூவும் ஒலியாக வருவது. அப்பாடலில் மான்கள் மேய்வதாகச் சொல்லப்படும் செடிகளுள் ஹாவும் ஒன்று. தந்தையார் பெயரிட்டபோது மகள் அச்செடியாலேயே புகழ் பெறுவாள் என்று யார் கண்டார்? 2015இல் நோபெல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ஆயினும் யுன்னானிலும் ஷாண்டுங்கிலும் இதே பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தோரும், ஹைனான் மருத்துவமனைகளில் நோயாளிகளோடு இருந்தோரும் இப்பணியிற் பங்குடையவர். 1977இல் சீனர் இதுபற்றி முதன்முதலில் வெளியிட்ட கட்டுரையில் தனி ஆசிரியர் பெயரே இல்லை. அது அக்கால வழக்கம்.

2001இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆர்ட்டெமிசினினை வேறொரு மருந்துடன் சேர்த்தே கொடுக்கும்படி பரிந்துரைத்தது. தனியே கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்பது அச்சம். அவ்வச்சம் பொய்க்கவில்லை, 2008ஐ ஒட்டி மேற்குக் கம்போடியாவில் மருந்துக்கு மெதுவாகவே பணியும் கிருமிகள் காணப்பட்டன. பின்னர் ஆப்பிரிக்காவிலும் அவை தலைகாட்டின. மலேரியாவுக்கு இச்செடியின் இலையை வெறுமனே வெந்நீரிலிட்டுக் குடிப்பதை அந்நிறுவனம் ஏற்கவில்லை. ஒவ்வொரு செடியிலும் மருந்தளவு வேறுபடுவதும், குறைந்த அளவு கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுவதுமே காரணம். சீன மருந்துக் கடைகளின் இழுப்பறைகளில் சிங்ஹாவ் இன்றும் உண்டு. வேறுவகைச் சுரங்களுக்கு அதனை வாங்குவோர், முன்போலவே சட்டியிலிட்டுக் காய்ச்சுகின்றனர்.