தெருவிளக்கும் சோலைவரியும்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்பவர் தெஹிவளை வாய்க்காலின் மேலுள்ள பாலத்தைக் கடப்பர். பாலத்துக்கு இப்பால் கொழும்பு மாநகரசபையின் ஆட்சி. அப்பால் தெஹிவளை-கல்கிசைச் சபையின் ஆட்சி. 1959-ம் ஆண்டில் மாநகரசபையாக உயருமுன் அது நகரசபையாக இருந்தது. குப்பை அள்ளுவதும், வடிகால் வெட்டுவதும், மதில் கட்ட அனுமதி தருவதும் பாலத்தின் இருபுறத்திலும் வெவ்வேறு கைகளில் உள்ளன. பாராளுமன்ற விவாதங்களைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசவல்ல எமது இளைஞரிடம், உங்கள் ஒழுங்கையின் வடிகாலுக்குப் பொறுப்பான சபை எப்படி உண்டாயிற்று என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அச்சிறு சபைகளின் கதையை, நம்மவரிற் பலருக்குச் சொந்த ஊராகிய யாழ்ப்பாணத்துப் பட்டணத்தை நடுவாக வைத்து இங்கே சொல்ல விழைகின்றேன்.

உள்ளூராட்சி என்றவுடன் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை எடுத்துக்காட்டுவது எமது மேடைகளில் வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 என்னும் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களையும் விரிவாகக் கூறுவது மெய்யே. கணக்குக் காட்டாதவனோடு அவனுடைய நெருங்கிய உறவினரும் தெரிவுக்குத் தகுதியற்றவராவர் என்ற விதியை இன்றைய சபைகளில் நடைமுறைப்படுத்தினால் எத்தனை ஆசனம் நிரம்புமோ தெரியாது! ஆயினும் அது பிராமணர்க்கு விடப்பட்ட ஊரின் சபை. காணியும் வேதக்கல்வியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது. எமது பட்டணசபைகள் அந்த வழியில் வந்தவையல்ல. வாந்திபேதிக்கு அஞ்சி இங்கிலாந்தார் 1848-ல் இயற்றிய பொதுச்சுகாதாரச் சட்டமே அவற்றின் பாட்டன். அச்சட்டத்திலே பிறந்த 'லோக்கல் போட்' என்னும் பெயர்தான் பின்னர் கடல் கடந்து இங்கும் வந்தது.

அதே 1848-ல் இலங்கையில் வேறொரு சட்டம் வந்தது. பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். இயலாதவர் அதற்கீடாகப் பணம் இறுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வகைப் புதிய வரிகளும் காரணமாயின. வரி கொடுத்தவனுக்கு வீதி எங்கே போகவேண்டும் என்று சொல்ல வாயில்லை. இது ஆங்கிலேயருக்கும் நாளடைவில் உறைத்தது. 1865-ம் ஆண்டின் 17-ம் இலக்கச் சட்டத்தின்படி கொழும்பும் கண்டியும் முதலில் மாநகரசபை பெற்றன. காலி அடுத்துப் பெற்றது. சிறு பட்டணங்களுக்கோ 1876-ம் ஆண்டின் 7-ம் இலக்கச் சட்டம் லோக்கல் போட்டுக்களைத் தந்தது. அதனினும் சிறியவற்றுக்கு 1892-ல் சுகாதார சபைகள் வந்தன.

லோக்கல் போட்டின் அமைப்பு விசித்திரமானது. சனங்கள் தெரிந்த பிரதிநிதிகள் சிலர் ஒருபுறம். உத்தியோகத்தர் சிலர் மறுபுறம். அக்கிராசனத்தில் அரசாங்க அதிபர். யாழ்ப்பாணத்துக்கு அந்தச் சபைகூட உடனே வரவில்லை. 1869 முதல் 1896 வரை துவைனம் துரையே வடமாகாணத்தின் அரசாங்க அதிபர். இருபத்தேழு ஆண்டுகள் ஒருவரே கச்சேரியில் வீற்றிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மாகாணத்தில் சபை எதற்கு என்று எண்ணினர் போலும். அவர் ஓய்வுபெற்றுப் பத்தாண்டு கழிந்து, 1906-ம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணம் லோக்கல் போட்டைக் கண்டது.

இத்தகைய சபைகள் கூடி எதைப் பேசின? சாம்ராச்சியத்தையும் சுயராச்சியத்தையும் அங்கே தேடுபவர் ஏமாறுவர். மின்சாரம் வருமுன் தெருமுனைகளில் மண்ணெண்ணெய் விளக்குக் கம்பங்கள் நின்றன. மாலைதோறும் ஏணியோடு ஒருவன் வந்து கண்ணாடியைத் துடைத்து எண்ணெய் வார்த்துத் திரியேற்றுவான். நிலவு நாளில் விளக்கு வேண்டுமா, கம்பத்தை எந்த வீட்டு வாசலில் நடுவது என்பனவெல்லாம் சபைக்குரிய வினாக்கள். சந்தையை ஆண்டுதோறும் ஏலத்தில் குத்தகைக்கு விடுதல் வேண்டும். குத்தகைகாரன் கடகத்துக்கு எவ்வளவு அறவிடலாம் என்று வரையறை செய்தல் வேண்டும். இல்லையேல் கத்தரிக்காய் கொண்டுவந்த கமக்காரன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். கட்டாக்காலி மாடுகளைப் பிடித்தடைக்கப் பட்டி, உரிமையாளர் இறுக்கவேண்டிய தண்டம், நாய்களுக்குப் பதிவு, இறைச்சிக்கடைக்கு அனுமதிப்பத்திரம், சுடலைக்கு வேலி, அம்மைப்பால் குத்துபவருக்கு இடம். பிற்காலத்தில் சைக்கிள் இலக்கத்தகடும், படமாளிகைகள் மீதான களியாட்டவரியும் சேர்ந்துகொண்டன.

இவற்றுக்கெல்லாம் பணம் சோலைவரியிலிருந்து வந்தது. வீட்டின் ஆண்டுப் பெறுமதியை மதித்து அதில் இத்தனை வீதமென்று விதிப்பது. மதிப்பிடுபவர் வீதியில் வந்தால், வெள்ளையடித்த வீட்டுக்காரர் முகம் கறுக்கும். பட்டியல் ஒட்டப்பட்டபின் ஆட்சேப மனுக்கள் வந்து குவியும். அவற்றைக் கேட்டு முடிப்பதே சபைக்குப் பெரும்பாரம்.

யாழ்ப்பாணத்தில் கிணறு ஒரு தனி அத்தியாயம். அங்கே ஆறில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புக்களிலே மழைநீர் இறங்கித் தங்குவதே குடிநீர். பாறை வடிகட்டுவதில்லை, ஒரு வளவின் மலகூடத்து அழுக்கு அயல் வளவின் கிணற்றுக்குப் போவது எளிது. ஆதலால் மலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி விடவேண்டும் என்ற சிறு விதி ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கும் விதியாகிறது. கொழும்பார்க்கு 1886-ல் லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குழாய் வழியே வந்தது. குழாயில் வளர்ந்தவர்க்கு இவ்விதியின் அருமை எளிதில் விளங்காது.

தெருவை ஆக்கிரமித்துக் கட்டிய திண்ணைகளும் விறாந்தைகளும் ஓயாத வழக்கு. இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் வேண்டும். பிற்காலத்தில் நாவலாசிரியராகவும் ஏகாதிபத்திய எதிர்ப்பாளராகவும் பெயர்பெற்ற லெனாட் வுல்வ், 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் உத்தியோகத்தராக இருந்தார். 1961-ல் வெளியான தம் சுயசரிதைப் பாகத்திலே அவர் கூறுவது இது. அரசாங்க அதிபர் பிறைசும் அவரும் குதிரை மீதேறிப் பிரதான வீதிக்குச் சென்றனர். வீதிக்குள் நீட்டிக் கட்டப்பட்ட விறாந்தை ஒன்றை வுல்வ் தம் சவுக்கினாற் சுட்டிக்காட்டினார். அந்நேரம் அவ்வழி வண்டியில் வந்த நகரத்து நியாயவாதி ஒருவர், தம் முகத்திலே வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று முறையிட்டார். யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் இதனைக் கையிலெடுத்து, வுல்வை அகற்றவேண்டுமெனத் தேசாதிபதிக்கு எழுதியது. தாம் அடிக்கவேயில்லை என்கிறார் வுல்வ். ஆனால் அவர் எழுதும் தொனியிலே வேறொன்றும் தெரிகிறது: அடி விழவில்லையெனினும், குதிரை மேலிருந்து சவுக்கு நீட்டி ஓர் ஊரின் வீட்டுத் திண்ணையைக் காட்டும் காட்சியே அந்த ஊரார்க்கு அடியாகப் பட்டது என்பதை அவர் பின்னர் உணர்ந்தார்.

விறாந்தையை அகற்றவேண்டும் என்பதில் நியாயம் இருந்திருக்கலாம். அடுத்த தலைமுறையில் நம்மவரே சபைத் தலைவராகி அதே விதியை அதே வீதியிலே நிறைவேற்றினர். அப்போதும் சண்டை வந்தது. ஆனால் சண்டை பிடித்தவன் அடுத்த தேர்தலில் வாக்கை மாற்றிப் போடலாம். வேறுபாடு அவ்வளவே, அது சிறு வேறுபாடன்று.

அந்த மாற்றத்துக்கு வழிதிறந்தது 1920-ம் ஆண்டின் 11-ம் இலக்க உள்ளூராட்சிச் சட்டம். தெரிவு செய்யப்பட்டவர் பெரும்பான்மையாயினர். உத்தியோகத்தரின் பிடி தளர்ந்தது. கொழும்பில் இது மெதுவாகவே நடந்தது. 1937-ல்தான் மாநகரசபை தன் முதல் மேயரைக் கண்டது. அவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து என்னும் தமிழர். அவருடைய மனைவியார் நேசம் சரவணமுத்து, கொட்டாஞ்சேனையையும் உள்ளடக்கிய கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக 1932-லேயே அரசாங்க சபைக்குச் சென்றிருந்தார். கொட்டாஞ்சேனை அன்பர்கள் இதனைப் பெருமையோடு நினைவுகூரலாம். கடலுக்கு அப்பாலும் இதே பாடசாலைதான். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார் இராசகோபாலாச்சாரியார். அதே காலத்தில் ஈரோட்டு நகரசபைக்குத் தலைமை தாங்கினார் ஈ. வெ. இராமசாமி. பிற்காலத்தில் எத்திசையில் பிரிந்தாலும் இருவரும் குடிநீரிலும் தெருவிலும் தொடங்கியவர்களே.

பெருமை பேசும்போது ஒரு குறையை மறைத்தல் தகாது. வாளிக் கக்கூசுக் காலத்தில் விடியுமுன் வந்து வாளி எடுத்தவரும், தெருக் கூட்டியவரும் இந்தச் சபைகளின் முதுகெலும்பு. கொழும்பில் அவரிற் பலர் இந்திய வம்சாவளித் தமிழர். 1948-ம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இவ்வம்சாவளியினரிற் பெருந்தொகையானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே பாராளுமன்ற வாக்கும் போயிற்று. பட்டணத்தைத் துப்புரவாக்கியவர்க்கு ஆட்சியிலே குரலில்லை. யாழ்ப்பாணத்திலோ பொதுக் கிணற்றையும் தேநீர்க்கடையையும் சாதியின் பெயரால் மறித்தவர் நம்மவரே. அதனைக் குற்றமாக்க 1957-ல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வேண்டியிருந்தது.

குப்பையின் கதை இன்னும் முடியவில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் மாண்டனர். அந்த இடம் கொலன்னாவை நகரசபையின் எல்லைக்குள் உள்ளது; குப்பையோ பெரும்பாலும் கொழும்பு மாநகரத்தினது. வெள்ளவத்தைச் சமையலறைகளின் குப்பையும் அதில் இருந்தது.

யாழ்ப்பாண நகரசபை தன் அன்றாடக் கடமையாகச் செய்தவற்றுள் எனக்கு மிக உவப்பானது நூல்நிலையம். 1933-ல் க. மு. செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலே நூல்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையிலே 844 நூல்களோடு அது பொது நூல்நிலையமாயிற்று. 1935 தொடக்கம் நகரசபை அதனை ஏற்று நடத்தியது. விளக்குக்கு எண்ணெயும் வடிகாலுக்குச் சீமெந்தும் வாங்கிய அதே வரிப்பணத்திலே நூல்களும் பத்திரிகைகளும் வந்தன. 1949-ல் யாழ்ப்பாணம் மாநகரசபையானது. நூலகக் கலையின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை கூற, சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்த கட்டிடம் 1959-ல் மேயர் அல்பிரெட் துரையப்பாவினாற் திறந்துவைக்கப்பட்டது. கறையான் அரித்த ஏட்டைத் தவிர வேறு சொத்தில்லாத மாணவனும் அங்கே போய் அமரலாம். சோலைவரி இறுத்த தகப்பனுக்கு அது தன் வீட்டின் விரிவு.

1981-ம் ஆண்டு இக்கதையிலே இரு துன்பங்களை ஒருங்கே கொண்டுவந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்படுத்திய 1980-ம் ஆண்டுச் சட்டம், 1946 முதல் இயங்கிய பட்டினசபைகளையும் அவற்றினும் பழைய கிராமசபைகளையும் ஒழித்தது. சிற்றூரார் தம் அயலிலே கண்டு பேசக்கூடிய அங்கத்தவரை இழந்தனர். 1987-ல் வந்த பிரதேச சபைகள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பினவேயன்றி, பழைய நெருக்கத்தைத் தரவில்லையென்பது என் கருத்து. அப்புதிய சபைகளின் தேர்தலுக்காக, தெற்கிலிருந்து பொலிசார் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்த வேளையில், யூன் 4-ம் திகதி வாக்களிப்புக்குச் சில நாள் முன்பாக, மே 31-ம் திகதி இரவு தொடங்கி நூல்நிலையம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின.

பின்னர் வந்த யுத்தத்தில் கோட்டைக்கு எதிரேயிருந்த நகரமண்டபமும் அழிந்தது. சபை இருந்தவர்க்கும் ஆபத்து, இல்லாதவர்க்கும் ஆபத்து. 1975-ல் மேயர் துரையப்பா பொன்னாலையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1998-ல் பதினைந்து ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மேயராக வந்த சரோசினி யோகேஸ்வரன் அவர்கள் அவ்வாண்டு மே மாதத்திலும், அவர்க்குப் பின் வந்த பொன். சிவபாலன் அவர்கள் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டனர். குழாயும் வடிகாலும் பேசவேண்டிய ஓர் ஆசனத்துக்கு ஓராண்டில் இரண்டு உயிர்.

அண்மைக் காலத்தில் துப்பாக்கியின்றியே சபைகள் வெறுமையாயின. 2018-ல் தெரிவானவரின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9-ம் திகதிக்குக் குறித்த தேர்தல், பணமில்லையென்ற காரணத்தாற் நடக்கவில்லை. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6-ம் திகதிதான் வாக்குப்பெட்டி திறந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேலான காலத்தில், கொழும்பு தொடக்கம் பருத்தித்துறை வரை, ஆணையாளர்களும் செயலாளர்களுமே கையொப்பமிட்டுச் சபைகளை நடத்தினர். சோலைவரித் துண்டு மட்டும் வழமைபோல் வீடுதேடி வந்துகொண்டிருந்தது.