ஸுஃப்பாவும் சோபாவும்

சென்ற ஆண்டு நம் பழைய உஸ்தாத் ஒருவர் நம் இல்லத்தில் ஓரிரவு தங்கினார்கள். எண்பது வயதை நெருங்கிய பெரியவர். அவர்கள் வருகையை முன்னிட்டே, பகலில் இருக்கையாகவும் இரவில் கட்டிலாகவும் பயன்படும் சோபா ஒன்றை நம் தகுதிக்கு மீறிய விலை கொடுத்து வாங்கியிருந்தோம். பரணிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையையும் யாருக்கோ கொடுத்துவிட்டோம். ஸுப்ஹு நேரத்தில் எழுப்பச் சென்றபோது, உஸ்தாத் அவர்கள் தரையில் சால்வையை விரித்துப் படுத்திருக்கக் கண்டோம். "இங்கே காற்று நன்றாக வந்தது" என்றார்களேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாளிரவு நாமே அதில் படுத்துப் பார்த்தோம். இரு பாதிகளும் கூடுமிடத்திலுள்ள மேடு முதுகுத்தண்டை விடியுமட்டும் உறுத்திற்று. அந்த வெட்கமே இப்பொருளின் வரலாற்றைத் தேட வைத்தது.

சோபா என்பது 'ஸுஃப்பா' எனும் அரபுச் சொல்லின் திரிபு. திண்ணை என்றால் தமிழர்க்கு எளிதில் விளங்கும். கிப்லா கஅபாவை நோக்கித் திரும்பிய பின், மதீனாப் பள்ளியின் வடபுறத்தில் ஈச்ச ஓலைக் கூரையின் கீழிருந்த இடம், வீடும் உறவுமின்றி வந்த தோழர்களுக்கு உறைவிடமாயிற்று. அவர்களே திண்ணைத் தோழர்கள்; அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். இஸ்லாத்தின் விருந்தினர் என்றே அவர்கள் அழைக்கப்பெற்றனர். அந்த ஸுஃப்பாவில் பஞ்சுமில்லை, கம்பிச்சுருளுமில்லை.

இச்சொல் துருக்கி மொழி வழியாக ஐரோப்பா சென்றது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தபோதும், கம்பளமும் திண்டும் இட்ட மேடையையே குறித்தது. காலும் கையும் சாய்மானமும் உள்ள நீளிருக்கைக்கு அது பெயரானது 18ஆம் நூற்றாண்டில்தான். ஆங்கிலத்தில் மெத்தைக்கு வழங்கும் 'மேட்ரஸ்' என்பதும் நம் மதரஸா மாணவர் அறிந்த 'தரஹ' எனும் வினையடியிற் பிறந்ததே. எறிதல் என்பது அதன் பொருள். 'மத்ரஹ்' என்றால் ஒன்றை எறிந்து போடும் இடம். உஸ்மானிய இல்லங்களில் அவ்வாறே நடந்தது. பகலில் சுவரோரத் திவானில் அமர்ந்தனர். இரவில் மெத்தையை எடுத்துப் போட்டு விரித்தனர். விடிந்ததும் சுவர் அலமாரியில் மடித்தடுக்கினர். ஓர் அறை இரு பயன் தந்தது, எந்தப் பொறியுமின்றி! பத்தமடைக் கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் சாத்திய நம் பாட்டிமார் செய்ததும் இதுவன்றி வேறென்ன?

இருக்கைக்குக் கையும் சாய்மானமும் முளைத்த பின்னரே அதைப் படுக்கையாக்கப் பொறி தேவைப்பட்டது. சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்திய சாரா குட் எனும் கறுப்பினப் பெண்மணி, மடித்தால் எழுதுமேசையாகும் கட்டிலுக்கு 1885இல் காப்புரிமை பெற்றார். இடநெருக்கடிக்கு அவர் கண்ட வழி அது. 1931இல் நியூயார்க்கில் பெர்னார்ட் காஸ்ட்ரோ தொடங்கிய நிறுவனம் சோபாக்கட்டிலைப் பரப்பிற்று. அவர் பிறந்தது, அரபியர் முன்னொரு காலத்தில் ஆண்ட சிசிலித் தீவில்! 1948இல் அவருடைய நான்கு வயது மகள் அச்சோபாவை இழுத்து விரிப்பதைத் தொலைக்காட்சி விளம்பரமாகக் காட்டினர். விரிப்பது எளிது என்பதற்குக் குழந்தையின் கை நல்ல சான்றுதான். உறங்குவது எளிதா என்பதற்கு முதியவர் ஒருவரின் முதுகையல்லவா சான்றுக்கு அழைத்திருக்க வேண்டும்?

குற்றம் பொறியின் இயல்பிலேயே இருக்கிறது. இருக்கைக்குள் மடங்கி அடங்க வேண்டுமாதலால் மெத்தை மெலிந்தாக வேண்டும். மெலிந்தால் அடியிலுள்ள இரும்புச் சட்டம் உறுத்தும். நாம் வாங்கியதுபோல் இருக்கையே படுக்கையாகும் வகையிலோ, பகலெல்லாம் அமர்ந்தமுங்கிய இடம் பள்ளமாகிறது. மூட்டு மேடாகவே நிற்கிறது. கடையில் நாம் அதில் அமர்ந்து பார்த்தோமே தவிரப் படுத்துப் பார்க்கவில்லை.

வீட்டிலுள்ள விரிப்புகளைக் கணக்கிடும் நபிமொழியொன்று ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. மூன்றாவதை அது விருந்தாளிக்கு ஒதுக்குகிறது. அதற்கு மேற்பட்டதைக் கண்டிக்கிறது. அந்த ஹதீஸை நமக்குப் பாடம் சொன்னவர்களே அன்றிரவு தரையில் படுத்தவர்கள்.

ஷஃபான் பிறந்ததும் மீண்டும் வருவதாக உஸ்தாத் அவர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மெத்தை தைக்க இலவம்பஞ்சு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.